பாதியில் விட்ட பலூன் பாடம்

மூன்று வருடம் இருக்கும். தை மாதக் கடைசி. தூத்துக்குடியை ஒட்டிய ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். ஆறு, வயல், வாழை என்று வளர்ந்தவள். கடல் என்றால் திருச்செந்தூரில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்கு ஓடுவது, அவ்வளவுதான் தெரியும். அதனால் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசுவதில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது. போதாக்குறைக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பாடவேளையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜன்னல் வழியாக வரும் கடல் காற்றுக்கு வகுப்பே சொக்கிப்போய்க் கிடக்கும்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. நான் தொண்டை கிழியப் பேசும்போது எதிரில் ஒருவர் கொட்டாவி விட்டால் தாங்காது. ‘இருங்கடே, உங்களை எப்படி முழிக்க வைக்கிறேன் பாருங்கள்’ என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, பி.எட். படிக்கும்போது விடுதியில் பொழுது போகாமல் பழகிய மேஜிக் வித்தைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ரப்பர், பலூன், ஜவ்வு என இழுத்தால் நீள்கிற பொருள்களைப் பற்றிய பாடம் அது. வித்தைக்குச் சொல்லவா வேண்டும்!

முதலில் இரண்டு விரலில் மாட்டிய ரப்பர் பேண்டை, கையை மூடித் திறப்பதற்குள் அடுத்த இரண்டு விரலுக்குத் தாவ வைத்தேன். அரைத் தூக்கத்தில் இருந்ததெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. பிறகு ஒரு பழைய குடைக் கம்பியை எடுத்தேன். முனையைக் கூராக்கி, தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். ஊதிக் கட்டிய பலூனின் முடிச்சுக்குப் பக்கத்தில் மெதுவாகத் திருகி நுழைத்து, எதிர்ப்பக்க உச்சி வழியாக வெளியே எடுத்தேன். பலூன் வெடிக்கவில்லை. கம்பியில் குத்திய கொய்யாப் பழம் மாதிரி நின்றது. வகுப்பே பெஞ்சு மேல் ஏறிவிட்டது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ரப்பருக்குள்ளே நீளநீளமான சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி பின்னிக்கொண்டு கிடக்கின்றன. பலூனின் முடிச்சுப் பக்கமும் உச்சிப் பக்கமும் அதிகம் இழுபடாமல் தளர்வாக இருப்பதால், அங்கே கம்பி போனால் சங்கிலிகள் விலகி வழி விட்டு, கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விறைத்து நிற்கும் நடுவயிற்றில் குத்தினால் ‘டமார்’தான். கம்பியை உருவினால் காற்று மெல்ல மெல்லப் போய்விடும். இவ்வளவையும் சொன்னால்தான் பாடம் முழுசு. ஆனால் கைதட்டல் என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷியைச் சும்மா இருக்க விடுமா? முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, “பாத்தியளா, ரப்பருக்கு ஓட்டையே தெரியாது!” என்று கையை விரித்து ஒரு வணக்கம் போட்டேன். மணி அடித்தது. மீதி நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். வித்தைக்காரி என்றால் கொஞ்சம் ஏங்க விட வேண்டாமா என்று ஒரு நினைப்பு. கூடவே ஒரு வீட்டுப்பாடம் வேறு. அவரவர் வீட்டில் ரப்பர் எதில் எல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும்.

மறுநாள் காலை முதல் பாடவேளையே என்னுடையது. நான் புதுப் பலூனை ஊதிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை எழுந்தாள். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத பிள்ளை அவள். காந்தம் காட்டினால் கையில் வாங்கித் திருப்புவாள். தெர்மாமீட்டர் காட்டினால் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வாள். என் வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் என்றுகூடச் சொல்லலாம். “டீச்சர், ஊசிய உருவிட்டா காத்து போயிருமா?” என்று கேட்டாள்.

“போவாம? ஓட்டை ஓட்டைதானே” என்றேன்.

“நேத்து ரப்பருக்கு ஓட்டையே தெரியாதுன்னு சொன்னீயளே.”

அவள் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது. என்னளா ஆச்சு என்று பக்கத்தில் போனேன். அப்பாவுடைய ஓஸ் குழாயில் குத்திவிட்டதாகச் சொன்னாள். வீட்டில் பலூன் இல்லை. ரப்பர் என்று இருந்தது அந்த ஓஸ் ஒன்றுதானாம். சாயந்தரம் தங்கச்சிக்கு மேஜிக் காட்டுவதற்காக, சுவரில் சுருட்டி மாட்டியிருந்ததில் கோணி ஊசிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அழுத்தியிருக்கிறாள். நான் செய்த மாதிரியே. ஊசியை உருவிப் பார்த்தால் ஓட்டையைக் காணவில்லை. டீச்சர் சொன்னது சரிதான் என்று மறுபடி மாட்டி வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் ஓஸ் என்றால் தென்னைக்குத் தண்ணீர் விடுகிறது. “தோட்டத்து ஓஸா? அதுக்கா இப்பிடி நடுங்குத?” என்று சிரிக்கப் பார்த்தேன். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். “அவ அப்பா சங்கு குளிக்கப் போறவரு டீச்சர். கடலுக்கு அடியில அந்த ஓஸு வழியாத்தான் மூச்சு விடுவாவ.”

என் கையிலிருந்த பலூன் எங்கே போனது என்று தெரியாது. சங்கு எடுக்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி வருவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ரப்பர் ஓஸ் கடலுக்குள் போகும். அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடலடியில் நடந்து நடந்து சங்கு பொறுக்குவார்கள். அவள் அப்பா விடியும்போதே போய்விட்டார். இந்நேரம் தண்ணீருக்குள்ளே இருப்பார்.

அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். அவர் ஒரு கன்னியாஸ்திரி. நான் உளறியதில் பாதிகூடக் கேட்டிருக்க மாட்டார். “நீங்க வண்டிய எடுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, அவளுடைய அம்மாவுக்குத் தானே போன் போட்டார். ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் பறந்தேன். முதுகுக்குப் பின்னால் “அருள் நிறைந்த மரியே” என்று அவள் விடாமல் முனகுவது கேட்டுக்கொண்டே வந்தது. பாதியில் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நான் நம்மாழ்வாரை, திருச்செந்தூர் முருகனை, அவளுடைய மாதாவை என்று எல்லாரையும் கூப்பிட்டேன். அன்றைக்கு யார் வந்தாலும் சரி என்றிருந்தது.

கரையில் சங்கு வாங்குகிற அண்ணாச்சி ஒருவர் நின்றார். விஷயத்தைச் சொன்னதும், படகு ஓட்டுகிறவருக்குப் போன் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அவர் எங்களைத் திட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, “ஏலே, இஞ்சினப் போடுலே! சங்குகுளிக்காரன மேல ஏறச் சொல்லணும்!” என்று கத்தினார். வலை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வலையைப் பாதியில் மணலில் தள்ளிவிட்டுப் பைபர் படகைத் தள்ளினார்கள். அது போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கடல் பாட்டுக்குப் பளபளவென்று கிடந்தது.

அவளுடைய அம்மா தலைமுடி அவிழ ஓடிவந்தாள். மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டாவது அடிக்கு நான் குறுக்கே போய்விட்டேன், அது என் தோளில் விழுந்தது. “படிக்கத்தான டீச்சர் அனுப்புனேன்? எம்புருசன் மூச்சுல கை வைக்கவா சொல்லிக் குடுத்திய?” என்று கேட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளை அழவே இல்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ, இரண்டு படகு சேர்ந்து வருவது தெரிந்தது. ஆட்கள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. திடீரென்று அந்த அம்மா எழுந்து, “மஞ்சச் சட்ட! மஞ்சச் சட்ட நிக்கி! மாதாவே!” என்று கத்தினாள். அவர் காலையில் போட்டுக்கொண்டு போன சட்டையாம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்தது இதுதான். அவர் ஒரு தடவை இறங்கி ஏறியிருக்கிறார். இரண்டாம் தடவை இறங்கியபோது, உறிஞ்சினால் அரை வாய்க்காற்றுத்தான் வந்திருக்கிறது. என்னவோ சரியில்லை என்று தட்டுத்தடுமாறி மேலே ஏறிவிட்டார். ஊசி போன இடம், காற்றின் வேகத்தில் நேரம் போகப் போக நகத்தளவுக்குக் கிழிந்திருந்தது. ஓஸ் பழசாகிவிட்டது என்று நினைத்து, அந்தத் துண்டை அறுத்துவிட்டு ஜாயின்ட் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பைபர் படகில் போனவர்கள்தான் கரைக்குக் கூட்டி வந்தார்கள். இன்னும் கொஞ்ச ஆழத்தில் இருந்திருந்தால், ஒரு தடவை இருமியிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

“பழசு இல்ல, ஒங்க மவ போட்ட ஓட்ட” என்று அம்மாதான் உடைத்துச் சொன்னாள். நான் நடுவில் புகுந்து, தப்பு என்னுடையது, பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று முழுக் கதையையும் ஒப்பித்தேன். அவர் படகு விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்துச் சீறினார்.

“ஒண்ணு முழுசா நடத்துங்க டீச்சர், இல்லன்னா தொடங்காதிய. நீங்க பாட்டுக்குப் பெல்லடிச்சதும் போயிட்டா, மீதிய பிள்ளைங்க வீட்டுல வந்துல்லா செஞ்சு பாக்குதுவ!”

சுரீரென்று இருந்தது. ஆனால் ஒரு எழுத்துகூட மாற்றிச் சொல்ல முடியாது. தலையை ஆட்டினேன்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் எனக்குப் பின்னால் ஒளிந்தாள். விழப்போகிறது அறை என்று நான் கண்ணை மூடிக்கொள்ளத் தயாரானேன். அவர் அறுத்த ஓஸ் துண்டை எடுத்துக் காட்டி, எங்கே குத்தினாள் என்று கேட்டார். அவள் கையை வெளியே எடுக்காமல் தாடையால் காட்டினாள். “தெனமும் தண்ணியில முக்கிப் பாத்துட்டுத்தான் எறங்கணும். இன்னைக்கு அவசரத்துல நானும் பாக்கல. நாம ரெண்டு பேருமா சேந்துதான் தப்புப் பண்ணிருக்கோம்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

உயிர் தப்பியது, கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் பள்ளிக்கு வந்தாள், ஆனால் பழைய பிள்ளையாக வரவில்லை. எதையும் தொடமாட்டேன் என்றாள். வகுப்பில் லென்ஸ் சுற்றி வந்தால் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு அடுத்தவளைக் கண்ணால் காட்டுவாள். வீட்டில் அப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் மோந்து கொடுக்கக்கூடப் பயப்படுகிறாள் என்று அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் வைத்துச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நான் தனியாக உட்கார வைத்து எவ்வளவோ சொன்னேன். உன்மேல் தப்பில்லை, டீச்சர் தப்புத்தான் என்று சத்தியம் செய்தேன். தலையை ஆட்டுவாள், கை வெளியே வராது. குடைக் கம்பியை நான் பீரோ உச்சியில் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி மேஜிக்கும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், புத்தகத்தில் உள்ளதை வாசித்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். வகுப்பு மறுபடி தூங்க ஆரம்பித்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் அவளாகவே என் மேஜைக்கு வந்தாள். மேஜை மேல் இருந்த காந்தத்தைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டே, “மீதி பலூன் பாடம் எப்பம் டீச்சர்?” என்று கேட்டாள். என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம். “சனிக்கெழம வெள்ளன வீட்டுக்கு வாங்க, தெரியும்” என்றாள்.

போனேன். சூரியன் வந்தும் வராததுமான நேரம். வீட்டு முன்னால் கம்ப்ரசரை இறக்கி வைத்து ஓட விட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டியில் தண்ணீர். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, ஓஸைச் சாண் சாணாகத் தண்ணீருக்குள் இழுத்து, மூக்கு நனைகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று கசிந்தால் குமிழி வரும், அதைத்தான் தேடுகிறாள். அவள் அப்பா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். என்னைப் பார்த்து வாங்க என்று தலையசைத்தார்.

தெரு முனையிலிருந்து கூட்டாளி ஒருவர், “ஏலே, வாலே! நேரமாவுது!” என்று சத்தம் போட்டார். “பொறுலே, பாத்துக்கிட்டு இருக்கா” என்றார் இவர். அந்தப் பிள்ளை அவசரப்படவே இல்லை. கடைசியில் ஒரு ஜாயின்ட் பக்கத்தில் கையை நிறுத்தி, “அப்பா, இங்கன ஒண்ணு வருது” என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட்டாளியும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “எங்கன வருது? ஒண்ணுங் காணலயே” என்றார். அப்பா குனியவே இல்லை. “அவ வருதுன்னு சொல்லுதா” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்து அந்தக் கிளாம்ப்பைக் கழற்றி, மறுபடி இறுக்கி மாட்டினார். அவள் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். கூட்டாளி முனகிக்கொண்டே நின்றார். முழு ஓஸையும் பார்த்து முடித்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரிப்பா, போங்க” என்றாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, ஓஸைத் தோளில் மாட்டி, கூட்டாளியோடு சேர்ந்து கம்ப்ரசரையும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அம்மா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். “மொத நாளு நான் சண்ட போட்டேன் டீச்சர், பச்சப்புள்ள கையிலயா உசுரக் குடுப்பியன்னு. ‘அவ பயத்த வேற எப்பிடி எடுக்க, நீயே சொல்லு’ன்னாவ. நான் என்னத்தச் சொல்ல?” என்றாள். எனக்கு அழுகையை மறைக்கத் தோன்றவில்லை. நான் இரண்டு வாரமாக வாயால் சொன்னது ஒன்றும் ஏறவில்லை. அவர் ஓஸைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார், பிள்ளை திரும்பி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பீரோ மேல் ஏறிக் குடைக் கம்பியை எடுத்தேன். அன்றைக்கு நடுவயிற்றில் குத்தி ‘டமார்’ என்று வெடிக்க வைத்தோம். கம்பியை உருவிய பலூனை வாளித் தண்ணீரில் முக்கி, காற்று குமிழி குமிழியாகப் போவதைப் பார்த்தோம். முக்கிக் காட்டியது அவள்தான். மணி அடித்தும் நான் நிறுத்தவில்லை. அடுத்து வந்த கணக்கு சார் வாசலில் நின்று இருமிக்கொண்டே இருந்தார். இருமட்டும் என்று பாடத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இப்போது அவள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். நான் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு பையன் பீக்கரைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். இனி இந்தப் பக்கமே வராதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது எனக்கு, கோபக்காரிதானே! கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, புதுப் பீக்கரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். ஒரு மனுஷன் தன் மூச்சையே, அதில் ஓட்டை போட்ட பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான், ஒரு பீக்கரைக் கொடுக்க எனக்கு என்ன கஷ்டம்?